பழைய பதுங்கு விளையாட்டுகளில் இருளும் ஒலியும்

கலைகளுள் காலத்தால் மிக இளையது கணினி விளையாட்டுக் கலை. ஓவியம், இசை, நாடகம், கட்டடம் ஆகிய பழங்கலைகள் பலவற்றையும் அது தன்னுள் ஏற்றுக்கொண்டுள்ளது. எனினும் அவற்றுள் எதற்கும் இல்லாத ஓர் இயல்பு அதற்கு உண்டு. ஓவியத்தைக் காண்பவரும் நாடகத்தைப் பார்ப்பவரும் அதன் புறத்தே நிற்பர். விளையாட்டை ஆடுபவரோ அதன் உள்ளே புகுந்து, அதன் விதிகளுக்கு உட்பட்டு இயங்குவர். ஆதலின், ஒரு விளையாட்டு ஆடுவோர் உள்ளத்தில் எழுப்பும் உணர்வு அதன் படங்களிலிருந்து மட்டும் பிறப்பதன்று; அதன் விதிகளிலிருந்தும் பிறப்பதாகும். இவ்வுண்மையை நன்கு விளக்கவல்லவை பதுங்கு விளையாட்டுகள்.

1998ஆம் ஆண்டையொட்டி வெளிவந்த பதுங்கு விளையாட்டுகள் இன்றைய கண்ணுக்கு மிக எளியவையாகத் தோன்றும். மாந்தர் முகங்கள் மரத்திற் செதுக்கியவை போல் இருக்கும். சுவர்களில் ஒரே கல் திரும்பத் திரும்ப வரும். நிறங்களும் சிலவே. எனினும் அவற்றின் இருண்ட தாழ்வாரங்களையும், தொலைவிற் கேட்ட காலடியோசையையும், ஆடியோர் பலர் கால் நூற்றாண்டு கழிந்த பின்னும் மறந்திலர். படந்தீட்டும் ஆற்றல் பன்மடங்கு பெருகிய பின்னர் வந்த விளையாட்டுகள் பலவற்றிற்கு இப்பேறு வாய்க்கவில்லை. இதற்குக் காரணம் யாது என்பது ஆராயத்தக்கது.

பதுங்கு விளையாட்டு என்பது யாது?

கணினி விளையாட்டுகளுள் பல போரை அடிப்படையாகக் கொண்டவை. எதிர்ப்பட்டவனைச் சுட்டோ வெட்டியோ வீழ்த்தி முன்னேறுவதே அவற்றின் முறை. பதுங்கு விளையாட்டு இம்முறையைத் தலைகீழாக்கிற்று. இதில் கதைத்தலைவன் பகைவர்தம் கண்ணிலும் செவியிலும் படாமல் ஓரிடத்தினுட் புகுந்து, ஒரு பொருளைக் கவர்ந்தோ ஒரு செய்தியை அறிந்தோ வெளியேற வேண்டும். பிறர் கண்ணிற் படுதலே தோல்விக்கு முதற்படியாகும்.

இவ்வகையின் முன்னோடிகளுள் ஒன்று 'காசில் உல்ஃபென்ஸ்டைன்'. அமெரிக்காவில் மியூஸ் சாஃப்ட்வேர் நிறுவனத்தைச் சேர்ந்த சைலஸ் வார்னர் இதனை 1981ஆம் ஆண்டில் ஆப்பிள் 2 கணினிக்கென ஆக்கினார். நாஜிகளின் கோட்டையில் அடைபட்ட கைதி ஒருவன் தப்பிச் செல்வதே கதை. அவனிடம் இருந்த குண்டுகள் குறைவு. ஆதலின் பகைவரின் சீருடையை அணிந்து காவலரை ஏமாற்றிச் செல்லவும் இதில் வழி வைக்கப்பட்டிருந்தது. காவலர் ஜெர்மன் மொழியிற் கூவும் குரல் மனிதக் குரலாகவே ஒலித்தது. அக்காலத்துச் சிறு கணினிகளில் இஃது அரிய செய்தியாகும். பதுங்கு விளையாட்டும் ஒலியும் தொடக்கத்திலேயே உறவு பூண்டன என்பதற்கு இது சான்று.

அடுத்துக் குறிக்கத்தக்கது, ஜப்பானின் கொனாமி நிறுவனத்தில் ஹிடியோ கொஜிமா ஆக்கிய 'மெட்டல் கியர்'. இது 1987ஆம் ஆண்டில் எம்.எஸ்.எக்ஸ். 2 என்னும் கணினிக்கென வெளிவந்தது. கொஜிமாவிடம் ஒப்படைக்கப்பட்ட பணி போர் விளையாட்டு ஒன்றை ஆக்குவதே. ஆனால் அக்கணினிக்கு ஒரே திரையில் பல வீரர்களையும் பல குண்டுகளையும் இயக்கிக் காட்டும் ஆற்றல் இல்லை. வீரர் சிலரை மட்டுமே காட்ட இயலுமெனின், அவரோடு பொருவதைவிட அவருக்கு ஒளிந்து செல்வதையே விளையாட்டாக்கலாம் என்று அவர் கருதினார். இங்ஙனம் கருவியின் குறையே ஒரு புதிய வகைக்கு வித்தாயிற்று.

இவ்வகை முழு வளர்ச்சி எய்திய ஆண்டு 1998. அவ்வாண்டின் தொடக்கத்தில் 'டென்ச்சு' என்னும் நிஞ்சா விளையாட்டும், செப்டம்பரில் 'மெட்டல் கியர் சாலிட்' என்னும் விளையாட்டும் ஜப்பானில் பிளேஸ்டேஷன் கருவிக்கென வெளிவந்தன. ஆண்டின் இறுதியில் அமெரிக்காவிலிருந்து 'தீஃப்: தி டார்க் ப்ராஜெக்ட்' என்னும் கணினி விளையாட்டு வந்தது. சூழலுணர்வை ஆராய்வார்க்கு இம்மூன்றனுள் மிகுதியும் பயன்படுவது இறுதியாகக் கூறிய தீஃப் ஆகும். ஆதலின் அதனையே தலையாய எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம்.

தீஃப் பிறந்த வகை

தீஃபை ஆக்கியது, மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜ் நகரில் இயங்கிய லுக்கிங் கிளாஸ் ஸ்டூடியோஸ் என்னும் நிறுவனம். முதலில் ஆர்தர் மன்னன் கதையைத் தழுவி, வாட்போரை மையமாகக் கொண்ட விளையாட்டு ஒன்றையே அந்நிறுவனத்தார் திட்டமிட்டனர். அத்திட்டம் பல மாறுதல்களுக்கு உட்பட்டுக் கடைசியில் கள்வன் ஒருவனின் கதையாயிற்று. ஆக்கப் பணிக்குத் தலைமை தாங்கியவர் கிரெக் லோபிக்கோலோ. இசையும் ஒலியும் அமைத்தவர் எரிக் ப்ரோசியஸ். இவ்விருவரும் முன்னர்ப் பாஸ்டன் நகரில் 'ட்ரைப்' என்னும் இசைக்குழுவில் இருந்தவர்கள். இசை பயின்றோர் கையில் உருவான விளையாட்டில் செவிக்கு முதலிடம் கிடைத்தது வியப்பன்று.

கதைத்தலைவன் பெயர் காரெட். அவன் வாழும் ஊருக்குப் பெயரில்லை. 'நகரம்' என்றே வழங்கும். அங்கே கோட்டைகளும் தீப்பந்தங்களும் உண்டு; நீராவிப் பொறிகளும் மின்விளக்குகளும் உண்டு. எந்த நாடு, எந்த நூற்றாண்டு என்று வரையறுத்துக் கூற இயலாத அந்நகரில், செல்வர் மாளிகைகளிலும் சிறைகளிலும் நிலவறைகளிலும் பாழடைந்த வழிபாட்டிடங்களிலும் காரெட் இரவிற் புகுகின்றான். விளையாட்டு பல படலங்களாகப் பகுக்கப்பட்டுள்ளது. ஒவ்வொரு படலமும் ஓர் இடம், ஓர் இரவு எனலாம்.

இருள்

பிற விளையாட்டுகளில் இருள் என்பது திரையிற் பூசிய கருநிறம். தீஃபிலோ அது கதைத்தலைவனின் கவசம். திரையின் அடிப்பகுதியில் ஒரு சிறு மணி இருக்கும். காரெட் வெளிச்சத்தில் நின்றால் அம்மணி ஒளிரும். நிழலுட் சென்றால் மங்கும். முழு இருளில் கருகும். காவலர் அவனைக் காண்பதும் காணாமற் போவதும் பெரும்பாலும் அவன்மீது விழும் ஒளியின் அளவைப் பொறுத்தது. அவன் அசைகின்றானா நிற்கின்றானா என்பதும் உடன் கணக்கிடப்படும்.

இவ்வொரு விதியால் விளைந்த மாறுதல் பெரிது. மனிதர்க்கு வெளிச்சம் துணை, இருள் அச்சம். குழந்தைப் பருவம் முதல் உள்ளத்தில் ஊறிய இவ்வுணர்வை இவ்விளையாட்டு மாற்றிவிடுகிறது. வெளிச்சம் இங்கே இடர், இருளே அரண். தொலைவில் ஒரு தீப்பந்தம் எரியக் கண்டால், அதன் ஒளி எவ்வளவு தூரம் பரவியுள்ளது, எந்தத் தூணின் பின்னே நிழல் விழுந்துள்ளது, அந்நிழலிலிருந்து அடுத்த நிழலுக்கு எத்தனை அடி என்று ஆடுவோர் எண்ணத் தொடங்குவர். சுவரும் தூணும் விளக்கும் வெறும் அலங்காரமாக இருந்த நிலை மாறி, ஒவ்வொன்றும் பொருளுடையதாகிறது.

காரெட்டிடம் நீரம்பு என்னும் ஒருவகை அம்பு உண்டு. அதனை எய்து தீப்பந்தத்தை அணைக்கலாம். ஆனால் மின்விளக்கை அது அணைக்காது. ஆகவே பழைய மாளிகையின் தீப்பந்தம் நட்பாகவும், செல்வரின் மின்விளக்குப் பகையாகவும் தோன்றும். நகரத்தின் பழமையும் புதுமையும் ஆடுவோர்க்குக் கதை கூறுவதால் மட்டும் விளங்குவன அல்ல. அவை வழியை எளிதாக்குவதாலும் அரிதாக்குவதாலும் விளங்குகின்றன.

ஒலி

இருள் கண்ணைப் பயனற்றதாக்கும்போது செவி கூர்மையடைகிறது. தீஃபின் சிறப்புகளுள் முதன்மையானது அதன் ஒலியமைப்பே. கம்பளத்தின்மீதும் புல்லின்மீதும் நடந்தால் ஓசை எழாது. கல்தரையில் ஓசை எழும். பளிங்குத் தரையிலும் இரும்புத் தகட்டிலும் காலடி உரக்க ஒலிக்கும். காவலர் அதனைக் கேட்டு வருவர். ஆதலின் ஆடுவோர் தரையைப் பார்த்து நடக்கப் பழகுவர். பாசி அம்பு என ஒன்றுண்டு. அதனைத் தரையில் எய்தால் அவ்விடத்தில் பாசி படர்ந்து காலடியோசையை அடக்கும். ஓசையைக் குறைப்பதற்கென்றே ஓர் அம்பு படைத்தமை, அவ்வாசிரியர்கள் ஒலிக்கு அளித்த மதிப்பைப் புலப்படுத்தும்.

ஒலி பரவும் முறையும் நுட்பமானது. அக்காலத்து விளையாட்டுகள் பலவற்றில், ஒலி எழும் இடத்திற்கும் கேட்பவனுக்கும் உள்ள நேர்த்தொலைவே கணக்கிடப்பட்டது. இடையே சுவர் இருந்தாலும் ஒலி அதனூடே வந்துவிடும். தீஃபை ஆக்கியோர் ஒவ்வோர் இடத்தையும் அறை அறையாகப் பகுத்து, அறைக்கும் அறைக்கும் இடையேயுள்ள வாயில்களையும் குறித்துவைத்தனர். ஒலி அவ்வாயில்களின் வழியே வளைந்து வந்து சேரும். கதவு மூடியிருந்தால் மெலியும். திறந்தால் தெளியும். ஆகவே ஒரு காவலன் இருமினால், அவன் வலப்பக்கத்து வாயிலுக்கு அப்பால் உள்ளானா, மாடிப்படியின் மேலே உள்ளானா என்று செவியாலேயே ஊகிக்கலாம். காவலர் காரெட்டின் ஓசையைக் கேட்பதும் இதே கணக்கின்படிதான். கேட்பவனும் கேட்கப்படுபவனும் ஒரே விதிக்கு உட்பட்டவர் என்பது கருதத்தக்கது.

இசையும் அவ்வாறே. வீரச்சுவை ததும்பும் மெட்டு எதனையும் எரிக் ப்ரோசியஸ் இப்படலங்களிற் புகுத்தவில்லை. காற்றின் இரைச்சல் போன்றும், பொறியின் முனகல் போன்றும், மிகத் தொலைவில் எவரோ பாடுவது போன்றும் மெல்லிய ஓசைகள் இடத்திற்கு ஏற்ப ஒலித்துக்கொண்டே இருக்கும். அவை இசையா, அவ்விடத்தின் இயற்கை ஓசையா என்று பிரித்தறிதல் அரிது. இறந்தோர் நடமாடும் பாழ்ங்கோவில் ஒன்றுக்குக் காரெட் செல்லும் படலத்தில், ஆவிகள் முணுமுணுக்கும் வழிபாட்டுச் சொற்கள் உருவங்களைக் காணும் முன்பே செவிக்கு எட்டிவிடும். அச்சம் கண்ணுக்கு முன்பே காதில் நுழைகிறது.

இவ்வொலிப் பயிற்சி எத்துணை ஆழமானது என்பதற்கு 2004ஆம் ஆண்டில் அயன் ஸ்டார்ம் நிறுவனம் ஆக்கிய மூன்றாம் தீஃப் விளையாட்டு ஒரு சான்று. அதில் 'ஷேல்பிரிட்ஜ் கிரேடில்' என்னும் கைவிடப்பட்ட கட்டடம் ஒன்று வரும். முன்னர் அஃது அனாதைக் குழந்தைகள் இல்லமாகவும் மனநோயாளர் விடுதியாகவும் இருந்தது என்பது கதை. அப்படலத்தின் முற்பகுதியில் பகைவர் ஒருவரும் இல்லை. வெற்று அறைகளும் ஓசைகளுமே உள்ளன. எனினும் இவ்வகை விளையாட்டுகளுள் மிக அஞ்சத்தக்க பகுதியாக ஆடியோர் பலர் அதனையே சுட்டுவர். முந்தைய படலங்களில் ஒவ்வோர் ஓசைக்கும் ஒரு காரணம் உண்டென்று பழகிய செவி, காரணம் காணாத ஓசையைக் கேட்டு நடுங்குகிறது.

காவலர்

பதுங்குவதற்குப் பொருள் வேண்டுமாயின், தேடுவோர் அறிவுடையோராகத் தோன்ற வேண்டும். தீஃபின் காவலர் கண்டவுடன் பாயும் பொம்மைகள் அல்லர். அவர்க்கு ஐயத்தின் படிநிலைகள் உண்டு. சிறிய ஓசை கேட்டால் நின்று திரும்பிப் பார்ப்பர். மீண்டும் கேட்டால் அருகில் வந்து தேடுவர். உருவத்தைக் கண்டால் கூவிக்கொண்டு துரத்துவர். ஒன்றும் தென்படாவிடின், எலியாக இருக்கும் என்று தமக்குள் சொல்லிக்கொண்டு பழைய வழியே திரும்பிச் செல்வர்.

இவ்வாறு அவர்கள் வாய்விட்டுப் பேசுவதற்கு ஒரு காரணம் உண்டு. இருளில் நிற்கும் ஆடுவோர்க்குக் காவலனின் முகம் தெரியாது. அவன் உள்ளத்தில் ஐயம் எழுந்ததா, தணிந்ததா என்பதை அறிவிக்க ஒரு வழி வேண்டும். அதனைத் திரையில் எழுதிக் காட்டாமல், காவலன் வாய்ச்சொல்லாகவே ஆசிரியர்கள் அமைத்தனர். பயன் கருதி அமைத்த அப்பேச்சே அவ்வுலகிற்கு உயிரூட்டிற்று. முதற்படலத்தில் மாளிகையின் வாயிலருகே இரு காவலர் கரடிச் சண்டையைப் பற்றி உரையாடுவர். பழைய கரடிகளைப் போல் இன்றைய கரடிகள் இல்லை என்று ஒருவன் குறைபட்டுக்கொள்வான். கதைக்கு இதனால் ஆவது ஒன்றுமில்லை. ஆயினும், காரெட் வரும் முன்பே அந்நகரில் மக்கள் வாழ்ந்துகொண்டிருந்தனர் என்ற எண்ணம் அதனால் உண்டாகிறது.

'மெட்டல் கியர் சாலிட்' இதனையே வேறொரு வகையிற் செய்தது. அலாஸ்காவின் பனித்தீவொன்றில் நிகழும் அக்கதையில், பனியிற் பதிந்த காலடிச் சுவட்டைக் கண்டு காவலர் பின்தொடர்வர். கதைத்தலைவனைக் கண்டதும் அவர்தம் தலைக்கு மேல் ஒரு வியப்புக்குறி தோன்றும்; உடன் ஒரு கூரிய ஓசை எழும். பகைவர் இருப்பையும் அவர் பார்வை செல்லும் திசையையும் காட்டும் சிறு படம் ஒன்று திரையின் மூலையில் உண்டு. ஆனால் அபாய மணி ஒலித்த கணமே அப்படம் செயலிழந்துவிடும். உதவி மிகுதியும் வேண்டப்படும் நேரத்தில் அது பறிக்கப்படுவதால் பதற்றம் மிகுகிறது.

வலியின்மையும் காத்திருத்தலும்

காரெட் வீரன் அல்லன். அவனிடம் வாள் உண்டு. எனினும் இரண்டு மூன்று காவலர் சூழ்ந்துகொண்டால் அவன் பிழைப்பது அரிது. விளையாட்டின் மிகக் கடினமான நிலையில் மனிதர் எவரையும் கொல்லக்கூடாது என்பது விதி. திறமை மிகுந்த ஆடுவோர்க்குப் பகைவர் எண்ணிக்கையை மட்டும் கூட்டித் தருவதே பல விளையாட்டுகளின் வழக்கம். இங்கோ, திறமை மிகுந்தோர்க்குக் கட்டுப்பாடு மிகுதியாக விதிக்கப்பட்டது. கொலை செய்தல் கள்வனுக்குத் தொழில்திறன் இன்மையைக் காட்டும் என்பது அதன் கருத்து.

வலிமை இல்லாதவன் விரைந்து செல்ல இயலாது. அவன் காத்திருக்க வேண்டும். இதுவே இவ்விளையாட்டுகளின் சூழலுணர்வுக்கு உயிர்நாடி. ஒரு தூணின் நிழலில் ஆடுவோர் அசையாது நிற்பர். காவலன் வருவான், விளக்கின் கீழ் நிற்பான், கொட்டாவி விடுவான், திரும்பிச் செல்வான். அவன் சுற்றுவழியை அறிய ஒரு முறை பார்த்தால் போதாது. இரண்டு மூன்று முறை பார்க்க வேண்டும். அவ்வளவு நேரமும் கைகளுக்கு வேலையில்லை. கண்ணும் செவியும் மட்டுமே விழித்திருக்கும். தீப்பந்தத்தின் நடுக்கம், மாடியில் எவரோ நடக்கும் ஓசை, சன்னலுக்கு அப்பால் இரவு ஆகிய அனைத்தும் அப்போதுதான் உள்ளத்திற் படியும்.

போர் விளையாட்டில் இதைவிட அழகிய மண்டபம் தீட்டப்பட்டிருக்கலாம். ஆடுவோர் அதனை ஐந்து நொடியிற் கடந்துவிடுவர். பார்க்க நேரமும் இல்லை. பார்க்க வேண்டிய தேவையும் இல்லை. பதுங்கு விளையாட்டில் ஓர் எளிய அறையையும் பல மணித்துளி கூர்ந்து நோக்கியாக வேண்டும். நோக்காதவர் அகப்படுவர். சூழலைக் கவனித்தே தீரவேண்டிய நிலையிலிருந்து சூழலுணர்வு பிறக்கிறது. இருள், ஒலி, காவலர், வலியின்மை ஆகிய யாவும் இந்நிலையை உண்டாக்கும் கருவிகளே.

இடமும் காலமும் கருவியும்

களவுக்குரிய துணைகள் எட்டு என்று சிலப்பதிகாரத்தில் வரும் பொற்கொல்லன் கொலைக்களக் காதையில் அடுக்கிக் கூறுவதைத் தமிழாசிரியர்கள் அறிவர். இடம், காலம், கருவி என்பன அவ்வெட்டனுள் அடங்கும். மதுரைக்காஞ்சியோ, நள்ளிரவில் கரிய உடையும் நூலேணியும் கொண்டு திரியும் கள்வரையும், அவரைப் பிடிக்கத் துயிலாது சுற்றும் ஊர்க்காவலரையும் அருகருகே வைத்துக் காட்டுகிறது. இந்நூல்களுக்கும் அமெரிக்க விளையாட்டு ஒன்றற்கும் தொடர்பு ஏதும் இல்லை. ஆயினும் களவின் இயல்பை உற்றுநோக்கிய எவரும் இடத்தையும் காலத்தையும் கருவியையும் முதன்மையாகக் கொள்வர் என்பது இவ்வொப்புமையால் விளங்கும். பழங்கள்வரின் நூலேணிக்கு ஒப்பாகக் காரெட்டிடம் கயிற்றம்பு ஒன்றுண்டு. அது மரத்திற் பாய்ந்தால் கயிறு தொங்கும். கல்லிற் பட்டால் பயனில்லை. எனவே கூரையின் உத்திரம் மரமா கல்லா என்று ஆடுவோர் அண்ணாந்து பார்ப்பர். தரையைப் போலவே கூரையும் கவனிக்கத்தக்கதாயிற்று.

இடத்தை அறிய உதவும் வரைபடமும் முழுமையானதன்று. கையால் தீட்டிய பழைய ஏடு போன்ற அதில் சில அறைகள் இருக்கும், சில இரா. காரெட் எந்தப் பகுதியில் உள்ளான் என்ற அளவிலேயே அது காட்டும்; காவலர் எங்குள்ளனர் என்று காட்டாது. வினோதமான செல்வர் ஒருவரின் மாளிகைக்குள் செல்லும் படலத்தில், மாடிகள் ஏற ஏற அறைகள் கோணி வளைந்து, அளவு மாறி, கட்டட இலக்கணத்தையே மீறுகின்றன. அங்கே வரைபடமும் பெரும்பாலும் கைவிட்டுவிடும். ஆங்காங்கே கிடக்கும் கடிதங்களையும் நாட்குறிப்புகளையும் படித்தே அவ்வீட்டாரைப் பற்றி அறிய வேண்டும். வேலையாளின் முறையீடு, காவலர் தலைவனின் கட்டளை, காதலன் எழுதிய சீட்டு என்று அவை பலவகை. பிறர் வீட்டில் அவர்தம் கடிதத்தைத் திருட்டுத்தனமாகப் படிக்கிறோம் என்ற நாணமும் ஆர்வமும் அவ்வேளை ஒருங்கே தோன்றும்.

பிற்காலத்து மாற்றம்

2002ஆம் ஆண்டில் யூபிசாஃப்ட் மான்ட்ரியல் ஆக்கிய 'ஸ்ப்ளின்டர் செல்' நிழலின் நுட்பத்தை மேலும் வளர்த்தது. திரைச்சீலையும் பலகணியும் வீழ்த்தும் நிழல்கள் அதில் அசைந்தன. ஆனால் அடுத்த பத்தாண்டுகளில் வேறொரு போக்குத் தோன்றிற்று. விளையாட்டுகளின் ஆக்கச் செலவு பெருகிற்று. பலதரப்பட்டோரும் சலிப்பின்றி ஆடுமாறு அவற்றை அமைக்க வேண்டியதாயிற்று. காத்திருத்தல் சலிப்புத் தரும் என்று அஞ்சிய ஆசிரியர்கள், அதனைக் குறைக்கும் வழிகளைத் தேடினர்.

2009ஆம் ஆண்டின் 'பேட்மேன்: ஆர்க்கம் அசைலம்' விளையாட்டிலும், 2012ஆம் ஆண்டின் 'டிஸ்ஆனர்ட்' விளையாட்டிலும், சுவருக்கு அப்பால் உள்ள பகைவரையும் காணவல்ல பார்வை கதைத்தலைவனுக்கு அளிக்கப்பட்டது. 2010ஆம் ஆண்டின் 'ஸ்ப்ளின்டர் செல்: கன்விக்ஷன்' விளையாட்டில், கதைத்தலைவன் மறைந்திருக்கும்போது திரையே நிறமிழந்து அதனை அறிவித்தது. 2014ஆம் ஆண்டில் வேறொரு நிறுவனம் புதிதாக ஆக்கிய தீஃபில், கவரத்தக்க பொருள்களையும் பயன்படும் இடங்களையும் ஒளிரச் செய்து காட்டும் ஆற்றல் காரெட்டுக்குக் கிடைத்தது. கயிற்றம்பும் முன்னரே குறித்த இடங்களில் மட்டுமே பாயும் என்றாயிற்று.

இவ்விளையாட்டுகள் தாழ்ந்தவை என்று கூறுதல் முறையன்று. அவற்றிற்கு வேறு சிறப்புகள் உண்டு. இத்தகைய உதவிகளை ஆடுவோர் விரும்பினால் நீக்கிக்கொள்ளவும் சிலவற்றில் வழி செய்யப்பட்டுள்ளது. எனினும் சுவரை ஊடுருவிக் காண்பவனுக்குச் சுவரோரம் செவி சாய்க்க வேண்டிய தேவையில்லை. ஒளிரும் குறியைத் தொடர்பவனுக்குக் கூரையை அண்ணாந்து பார்க்க வேண்டிய தேவையில்லை. தேவை நீங்கியதும் கவனம் நீங்குகிறது. கவனம் நீங்கியதும், எத்துணை அழகாகத் தீட்டப்பட்ட நகரமும் வெறும் திரைச்சீலையாகிறது.

பழமைப் பற்றோ?

பழையவற்றைப் போற்றுவதெல்லாம் இளமை நினைவின் மயக்கமே என்று கூறுவாரும் உளர். படங்கள் தெளிவற்றிருந்தமையால் ஆடுவோரின் கற்பனை எஞ்சியதை நிரப்பிற்று. அவ்வளவே என்பாரும் உளர். இவ்விரு கூற்றுகளிலும் ஓரளவு உண்மை உண்டு. மங்கலான உருவம் தெளிவான உருவத்தினும் அச்சம் தருவது இயல்பே. ஆனால் அது முழுக் காரணம் ஆகாது. அதே ஆண்டுகளில் தெளிவற்ற படங்களோடு வந்த விளையாட்டுகள் எண்ணற்றவை. அவையெல்லாம் இவ்வுணர்வைத் தந்தில.

இதற்கு மற்றொரு சான்றும் உண்டு. லுக்கிங் கிளாஸ் ஸ்டூடியோஸ், தீஃபின் இரண்டாம் விளையாட்டை 2000ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் வெளியிட்டு, அவ்வாண்டு மே மாதத்திலேயே மூடப்பட்டது. ஆசிரியர்கள் பல திசைகளிற் பிரிந்தனர். இக்கலை அத்தோடு மறைந்திருக்கக் கூடும். ஆனால் அந்நிறுவனம் படலங்களை ஆக்கும் கருவியைப் பொதுமக்களுக்கும் வழங்கியிருந்தது. அதனைக் கொண்டு ஆர்வலர்கள் ஊதியம் கருதாது நூற்றுக்கணக்கான புதிய படலங்களை ஆக்கினர். 2012ஆம் ஆண்டில், தம் உண்மைப் பெயரை வெளியிடாத ஒருவர் அளித்த திருத்தம், அவ்விளையாட்டுகளைப் புதிய கணினிகளிலும் செம்மையாக இயங்கச் செய்தது. முதல் விளையாட்டு வெளிவந்து 25 ஆண்டுகள் நிறைந்த 2023ஆம் ஆண்டில், 'தி பிளாக் பரேட்' என்னும் படலத் தொடரை ஆர்வலர் குழு ஒன்று வெளியிட்டது. அது புதிய கதை, புதிய இடங்கள், புதிய கதைத்தலைவன் கொண்டது. பழைய நினைவு என்று கூறுதற்கு அதில் ஒன்றுமில்லை. எனினும் பழைய விதிகளின்மீது எழுந்த அதில் அதே இருளும் அதே செவிக்கூர்மையும் மீண்டும் தோன்றின. ஆதலின் அவ்வுணர்வு அவ்விதிகளுக்கு உரியது என்பது உறுதியாகிறது.

முடிபு

இதுகாறும் கூறியவற்றால் சில செய்திகள் பெறப்படும். பழைய பதுங்கு விளையாட்டுகளின் தனிச்சுவை அவற்றின் படத்திறனால் அமைந்ததன்று. இருளை அரணாகவும், ஒலியை வழிகாட்டியாகவும், காத்திருத்தலைச் செயலாகவும் ஆக்கிய விதிகளால் அமைந்தது. கருவியின் வலிமை குறைந்திருந்த காலத்தில் அவ்வாசிரியர்கள் எதனைக் காட்டுவது என்பதோடு, எதனை மறைப்பது என்பதனையும் எண்ணிப் பார்த்தனர். மறைக்கப்பட்டதை அறிய ஆடுவோர் செவி சாய்த்தனர். அவ்வாறு செவி சாய்த்த இடமே நினைவில் நின்றது.

இளைஞர் பலர் நாள்தோறும் விளையாடும் விளையாட்டுகளைப் பற்றிப் பெற்றோரும் ஆசிரியரும் கவலைப்படுவது உண்டு. நல்லது, தீயது என்று ஒரே சொல்லில் அவற்றையெல்லாம் அளந்துவிட இயலாது. ஒரு விளையாட்டு ஆடுவோரிடமிருந்து எதனைக் கேட்கிறது என்று ஆராய்வதே தக்க அளவுகோல். சில விரைவைக் கேட்கும். சில கைத்திறனைக் கேட்கும். தீஃப் போன்றவை பொறுமையையும் உற்றுநோக்கலையும் கேட்டன. பாடலின் ஓசையையும் சொல்லின் நிழலையும் உணரப் பயிற்றும் ஆசிரியர்க்கு, அமைதியாக நின்று கேட்கும் அப்பண்பின் அருமையை எடுத்துரைக்க வேண்டுவதில்லை.